மூலைக் கோட்பாடு

அந்த ஆய்வு நிலையத்தில் எவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது நிறுவனரின் முதுகு. அவருக்கு வியர்வை அதிகம். கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முதுகு தொப்பலாகிவிடும். கோட்டைக் கழற்றினால் மரியாதை போய்விடும் என்று பயந்து, கட்டடம் முழுவதையும் குளிரவைக்கச் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வியர்வையும் கூடவே போய்விட்டது, குளிர் மட்டும் தங்கிவிட்டது. ஏசியின் பொத்தானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பக்கத்திலேயே நிறுவனரின் படத்தை மாட்டியிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் வணக்கத்தைப் படத்துக்குச் சொல்வதா பொத்தானுக்குச் சொல்வதா என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தக் குளிரில்தான் எலிகளை வளர்த்தார்கள். எலிகளுக்குக் கோட்டு கொடுக்கவில்லை.

நிலையத்தின் புகழ் முழுவதும் ஒரே கண்டுபிடிப்பின் தலையில் நின்றது. குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலி, வளர்ந்த பிறகு கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடாது, ஏறாது, புதுப் பொருள் எதை வைத்தாலும் மோந்து பார்க்காது. காரணம், அதற்கு வாழ்க்கையில் விரக்தி. மூலைக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். இயக்குநர் பட்டம் வாங்கியது இதில்தான், பதவி வாங்கியது இதில்தான், வெளிநாட்டுக்குப் போய்க் கோட்டு வாங்கியதும் இதில்தான். தாயிடமிருந்து பிரிக்காத எலிகளும் மூலையிலேயே உட்காருகின்றனவே என்று ஒருமுறை வெளியாள் ஒருவர் சந்தேகம் கேட்டார். பக்கத்துக் கூண்டின் சோகத்தைப் பார்த்து இவற்றுக்கும் மனம் விட்டுப்போகிறது என்று இயக்குநர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

இந்த இடத்துக்குத்தான் புதுசு கூண்டு கழுவும் வேலைக்கு வந்து சேர்ந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ "புதுசு வந்திருக்கு" என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது. அதற்கு முன் அவன் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்றவன். பேக்கரியை மூடிவிட்டார்கள். நிலையத்தில் தலைமை எழுத்தராக இருந்த அவன் மனைவியின் அண்ணன், யார் யாரையோ பிடித்து அவனை உள்ளே நுழைத்துவிட்டார். வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆக வேண்டுமானால் நல்ல பெயர் எடுக்க வேண்டும்.

நிரந்தரம் என்ற அந்தச் சொல்லைப் புதுசின் மனைவி தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். இருவரும் அண்ணன் வீட்டில், துணி துவைக்கும் மெஷினோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தார்கள். மெஷின் ஓடும்போது கட்டிலும் ஓடும். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் அண்ணிக்காரி எங்கிருந்தாலும் வந்து நிற்பாள்.

"எலி வளையானாலும் தனி வளை வேணுங்க. நிரந்தரமான மறுநாளே நாம கிளம்பிறணும்" என்பாள் அவன் மனைவி.

முதல் நாள் அவனை அமைதி அதிகாரியிடம் அழைத்துப் போனார்கள். பயந்த மனிதனின் வாடை பட்டால் எலியும் பயந்துவிடும், அதன் நடத்தை மாறிவிடும், ஆய்வு கெட்டுவிடும். அதனால் எலி அறைக்குள் போகிறவர்கள் மனஅமைதியோடு இருக்கிறார்களா என்று தினமும் பார்த்து அனுப்ப ஓர் அதிகாரியை வைத்திருந்தார்கள். இவர் முன்பு ஒரு கிடங்கில் காவல் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தவர். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவார். அமைதி என்றால் பச்சை விளக்கு எரியும், பதட்டம் என்றால் சிவப்பு.

"உக்காரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் புதுசு நாற்காலியைத் தாண்டி உட்காரப் பார்த்தான். "சிவப்பு எரிஞ்சா உள்ள விட மாட்டேன். அடிக்கடி எரிஞ்சா நிரந்தரம் கிடையாது. குடும்பத்தோட தெருவுல நிக்க வேண்டியதுதான். புரியுதா? இப்ப பதட்டப்படாம இரு!"

சிவப்பு எரிந்தது.

"அமைதியா இருன்னு சொல்றேன்ல!" என்று அவர் மேஜையில் அறைந்தார்.

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் அவர் தேநீர் குடிக்க எழுந்து போனபோதுதான் பச்சை எரிந்தது. அப்படியே அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

எலி அறையில் பேசக் கூடாது, தும்மக் கூடாது, துணிச் செருப்புதான் போட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கருத்தரங்கக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆரம்பிக்கும் துளைபோடும் இயந்திரம் சாயங்காலம்தான் நிற்கும். அதைப் பற்றி விதிமுறைகளில் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருப்பாள். எலி எந்த மூலையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. எல்லாக் கூண்டுகளிலும் எல்லா எலிகளும் ஒரே மூலையையே, அதாவது ஏசிக் காற்று விழும் துவாரத்துக்கு நேர் எதிரான மூலையையே தேர்ந்தெடுத்தன. அந்தத் திசைக்கும் இழந்துபோன தாய்க்கும் ஆழமான தொடர்பு இருப்பதாக அவள் நம்பினாள். ஒவ்வொரு கூண்டிலும் எலி ஏறி ஓட ஒரு சக்கரம் இருந்தது. எலி அதில் ஓடுவதில்லை என்று நிரூபிக்கத்தான் அதை வைத்திருந்தார்கள். சக்கரத்தின் மேல் தூசி படிந்திருந்தது.

புதுசுக்கு இவையெல்லாம் கண்ணில் படவில்லை. அடுப்பருகில் வளர்ந்த உடம்பு. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மதியம் சாப்பிடும்போது மச்சானிடம் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அந்த ரூம்ல மட்டும் குளிரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா?"

தலைமை எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வாயைக் கழுவு மாப்ள. அது நிறுவனர் வச்ச குளிர். பெரிய பெரிய ஆளுங்களே மூக்கைச் சிந்திக்கிட்டு சும்மா இருக்காங்க. நீ வந்து ஒரு நாள் ஆகல."

மறுநாள் அவன் மனைவி தன்னுடைய சால்வையைக் கொடுத்தனுப்பினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளே பின்னியது, கெட்டியான கம்பளி. ஆனால் நிலையத்தின் மெல்லிசான நீல அங்கியைத் தவிர வேறெதையும் மேலே போடக் கூடாது என்று விதி. புது நிறம் எலியின் மனத்தைக் கலைக்குமாம். சால்வையை அங்கிக்குள் மறைத்துக் கொண்டுபோய்விட்டான். போர்த்திக்கொண்டால் மாணவி பார்த்துவிடுவாள். என்ன செய்வது என்று விழித்துவிட்டு, அவள் குனிந்து எழுதும் சமயம் பார்த்து அலமாரியை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த ஏசித் துவாரத்தில் சால்வையைத் திணித்தான். அலமாரியை மறுபடி ஒட்டி வைத்தான். அவன் எலிகளை நினைக்கவே இல்லை, தன் மூக்கைத்தான் நினைத்தான்.

பேக்கரி அளவுக்கு இல்லை என்றாலும் அறை ஒரு மனிதன் இருக்கும்படி ஆயிற்று. மூக்கு ஒழுகுவது நின்றது. அன்று மாலை ஓர் எலி மூலையை விட்டு எழுந்து வந்து நடுக்கூண்டில் நின்று காதைச் சொறிந்துகொண்டது. புதுசு அதைப் பார்த்தான். எலி என்றால் சொறியத்தான் செய்யும் என்று கூண்டைக் கழுவப் போய்விட்டான்.

வாரம் திரும்புவதற்குள் அறையில் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். மாணவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எல்லாக் கூண்டுகளிலும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் எலி தண்ணீர்ப் புட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அவளையே பார்த்தது. அவள் அலறிய அலறலில் துளைபோடுகிறவர்கள்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

"என் ஆராய்ச்சி போச்சு! எல்லாம் விளையாடுது சார்!"

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இயக்குநர் மெலிந்த மனிதர். கோட்டுக்குள் அவர் இருக்கிறார் என்பதைப் பேச ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடிக்க முடியும்.

"இது சாதாரண விஷயம் இல்ல" என்று ஆரம்பித்தார். "நான் இளைஞனா இருந்த காலத்துலேர்ந்து நம்ம எலிங்க விரக்தியா இருக்கு. தலைமுறை தலைமுறையா, கொஞ்சமும் மாறாம, ஒரு ஒழுங்கோட விரக்தியா இருக்கு. அது நம்ம பாரம்பரியம். திடீர்னு அதுங்க சந்தோஷமா இருக்குன்னா, அதுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க. எலிக்கு சுயமா சந்தோஷப்படற அளவுக்கு அறிவு கிடையாது. அதை நானே எழுதியிருக்கேன்."

மேஜையைச் சுற்றியிருந்த ஒன்பது கோட்டுகளும் தலையசைத்தன. கோட்பாடு தப்பாக இருக்குமோ என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீடும் வாகனமும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கோட்பாட்டின் மேல்தான் நின்றன, வாய் எப்படி வரும்? எலிகள்தான் தப்பு என்று தீர்மானம் போட்டுவிட்டுப் புதுசைக் கூப்பிட்டார்கள்.

"எலிங்ககிட்ட பாசமா நடந்துக்கிட்டியா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இல்லீங்க ஐயா."

"பாட்டு கீட்டு?"

"பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஐயா."

"சிரிச்சியா? உண்மையைச் சொல்லு."

புதுசு யோசித்தான். "வந்த புதுசுல பல்லு தந்தியடிச்சுதுங்க. பாக்கறவங்களுக்கு சிரிக்கற மாதிரி தெரிஞ்சிருக்கலாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவன் மேல் 'எலிகளுக்கு மகிழ்ச்சி விளைவித்தல்' என்று குற்றம் பதிவாயிற்று. தலைமை எழுத்தரே அதைத் தட்டச்சு செய்து, தங்கை புருஷன் என்றும் பாராமல் அவன் கையில் கொடுத்தார். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அமைதி அதிகாரியின் பரிசோதனை தலைகீழாக மாறிவிட்டது. இப்போது சிவப்பு எரிந்தால்தான் உள்ளே விடுவார். "உன் அமைதியாலதான்டா எல்லாம் நாசமாப் போச்சு. பயப்படு! ம், பயப்படு!" என்று கத்துவார். நிரந்தரத்தை நினைத்தால் போதும், புதுசுக்குச் சிவப்பு தானாக எரிந்தது. உள்ளே போனதும் எலிகளை முறைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவன் கூண்டு கூண்டாக நின்று முறைத்தான். எலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவனை ஆவலாகப் பார்த்தன.

இயக்குநரின் ஆண்டுவிழாப் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டார்கள். எலிகள் தூங்கின. மூலையில் சுருண்டு தூங்கியிருந்தாலாவது கணக்கில் சேர்த்திருக்கலாம், மல்லாந்து காலை நீட்டிக்கொண்டு தூங்கின. பூனைப் படம் ஒட்டினார்கள். அதைக் கடித்து இழுத்துக் கூடு கட்டிக்கொண்டன. கடைசியில் இயக்குநரே நேரில் வந்தார். அங்கியை மாட்டிக்கொண்டு கூண்டுகளுக்கு முன்னால் நின்று, பொறுப்பில்லாத பிள்ளைகளிடம் பேசுகிற தகப்பனைப் போலப் பேசினார்.

"உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம்? அம்மாகிட்டேர்ந்து பிரிச்சோம். தனித்தனியா அடைச்சோம். தூங்க விடாம தட்டினோம். தண்ணியில போட்டுப் பார்த்தோம். ஒரு எலிக்கு இதுக்கு மேல என்ன செய்ய முடியும்? இத்தனையும் செஞ்ச எங்களுக்கு நீங்க காட்டற நன்றி இதுதானா?"

ஓர் எலி சக்கரத்தில் ஏறி ஓடியது. அவர் குரல் தழுதழுக்க வெளியே போனார். வாசலில் நின்றிருந்த மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. நிலையத்துக்குத் தொடர்ந்து நிதி கொடுப்பதா, இழுத்து மூடுவதா என்று முடிவுசெய்கிற குழு. மூலையில் உட்கார்ந்த எலியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"எலி மூலைக்குப் போகலைன்னா மொத வெட்டு தற்காலிகத்துக்குத்தான்" என்று வீட்டில் சொன்னார் மச்சான். "போச்சுன்னா உனக்கு நிரந்தரம். இயக்குநர் வாயாலயே வாங்கிட்டேன். எப்படியாவது அதுங்களை உக்கார வச்சிரு மாப்ள."

அன்றுதான் அவன் மனைவி ஒரு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தாள். சின்ன வீடு, ஆனால் சமையலறையில் ஜன்னல் இருந்தது. நிரந்தர ஆணையைக் காட்டினால் சாவி என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஜன்னலைப் பற்றி அவள் மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள். புதுசு தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

குழு வரும் நாள் காலையில், வரைபடத்தில் இல்லாத எந்தப் பொருளும் எலி அறையில் இருக்கக் கூடாது என்று அமைதி அதிகாரி கட்டளை போட்டார். புதுசுக்குச் சால்வை நினைவு வந்தது. ஓடிப்போய் அலமாரியை நகர்த்தி அதை உருவினான். குளிர்காற்று அவன் முகத்தில் அறைந்தது. சால்வையை எங்கே ஒளிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, கிறீச் சத்தம் குறைவதைக் கேட்டான். திரும்பிப் பார்த்தான். எலிகள் ஒவ்வொன்றாகச் சக்கரத்தை விட்டு இறங்கின. ஒவ்வொன்றாக எதிர்மூலைக்குப் போயின. முதுகைக் கூனிக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்தன.

சால்வையைத் திரும்பத் துவாரத்தில் திணித்துவிட்டுக் காத்திருந்தான். எலிகள் மெதுவாக வெளியே வந்தன. மறுபடி உருவினான். மறுபடி போயின. அந்த நிலையத்தின் வரலாற்றில் நடந்த முதல் ஆராய்ச்சி அதுதான். அதைக் கண்காணிக்க யாரும் இல்லை.

சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு மச்சானின் அறைக்கு ஓடினான்.

"மச்சான், விரக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. எலிக்குக் குளிருது. அவ்வளவுதான். இதைத் துவாரத்துல வச்சா ஓடுது, எடுத்தா மூலைக்குப் போயிருது."

தலைமை எழுத்தர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மச்சான். இயக்குநர்கிட்ட சொன்னா சந்தோஷப்படுவாருன்னு..."

"சந்தோஷமா? மாப்ள, நல்லா யோசி. விரக்தின்னா நமக்கு நிதி வரும். குளிருன்னா ஒரு போர்வைதான் வரும். போர்வையை வச்சுக்கிட்டு இத்தனை பேருக்கு சம்பளம் போட முடியுமா? எலி மூலைக்குப் போயிருச்சுல்ல? அது போதும். இன்னிக்கு யார் என்ன கேட்டாலும் 'விரக்தி'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாயங்காலம் ஆணை உன் கையில."

"அப்ப எலி?"

"எலிக்கு என்ன? அதுக்குப் பழகிப்போச்சு."

புதுசு எலி அறைக்குத் திரும்பி நடந்தான். விரக்தி, விரக்தி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

எலிகள் மூலைக்குத் திரும்பிய செய்தி நிலையம் முழுவதும் பரவ, எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டு, நிறுவனரின் படத்துக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தன் கையாலேயே திறந்தார். வருகிறவர்கள் பெரிய மனிதர்கள், அவர்களுக்கு வழக்கமான குளிரைக் கொடுப்பது அவமரியாதை என்று பொத்தானை இன்னும் திருகினார்.

குழுவினர் வெயிலுக்கு ஏற்ற மெல்லிய உடையில் வந்திறங்கினார்கள். எலி அறையை ஒட்டிய கூடத்தில் அவர்களுக்கு நீளமான சோபா போட்டிருந்தார்கள். முதலில் ஆளுக்கொரு இடத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். இயக்குநர் மூலைக் கோட்பாட்டை விளக்கத் தொடங்கினார். விளக்கம் நீள நீள அவர்கள் நகர்ந்து நகர்ந்து சோபாவின் ஒரே முனையில் ஒட்டிக்கொண்டார்கள். பிஸ்கட்டைத் தொடவில்லை. சுற்றிக் காட்டுவதற்காக வைத்திருந்த புதுக் கருவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் மாணவி அதையும் குறித்துக்கொண்டாள்.

குழுவின் தலைவி வயதான பேராசிரியர் அம்மாள். அவர் கண் புதுசின் கக்கத்தில் இருந்த துணிச்சுருளின் மேல் நின்றது.

"அது என்னப்பா?"

"சால்வைங்க மேடம். வீட்டுக்காரியோடது."

"குடு இங்க."

வாங்கி இறுகப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கன்னத்தில் ரத்தம் ஓடியது. பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். எழுந்தார். புதுக் கருவியைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கூண்டுகள் வரை நடந்துபோய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். குழுவில் எழுந்து நடமாடியது அவர் ஒருவர்தான்.

"ஏம்பா, நீதானே இதுங்களை தினமும் பாக்கற? இதுங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்?" என்று புதுசைப் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். மச்சான் வாயை அசைத்து, சத்தமில்லாமல் அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். புதுசுக்குச் சமையலறை ஜன்னல் கண்ணில் தெரிந்தது. அந்தச் சொல்லையே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். பக்கத்துக் கூண்டில், முன்பு தண்ணீர்ப் புட்டியின் மேல் ஏறி உட்கார்ந்த அந்த எலி, இப்போது மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. அந்தக் கோட்டுகள் மேல், பொத்தான் மேல், படத்தில் இருந்த மனிதர் மேல் எல்லாம் கோபம் வந்தது.

"குளிருதுங்க மேடம்" என்றான். "வேற ஒண்ணும் இல்லீங்க. இதுங்களுக்கும் குளிருது. எனக்கும் குளிருது."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி தன் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தார், எலிகளைப் பார்த்தார், மறுபடி சால்வையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஏதோ தோன்றத் தொடங்கியது போலிருந்தது.

அதற்குள் இயக்குநர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"கேட்டீங்களா! எல்லாரும் கேட்டீங்களா! இதை இன்னும் கொஞ்ச நாள் ரகசியமா வச்சிருக்கலாம்னு இருந்தேன், உண்மை தானாவே வெளியில வந்துருச்சு. இந்த ஆள் எங்கேர்ந்து வந்தவர் தெரியுமா? ரொட்டி அடுப்பு முன்னாடி வேர்த்து விறுவிறுத்து நின்னவர். இப்ப பாருங்க. நடுங்கறார்! எலி நடுங்குது, எலியைப் பாத்துக்கற மனுஷனும் நடுங்கறார். நடுவுல என்ன இருக்கு? விரக்தி! விரக்தி முத்தினா உடம்புச் சூடு இறங்கும். அது கூண்டுக்குள்ள நிக்காது, அறை முழுக்கப் பரவும், மனுஷனுக்குத் தொத்தும். பக்கத்துக் கூண்டுக்குப் பரவுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கு அது மனுஷன் வரைக்கும் வந்துருச்சு!"

சோபாவில் இருந்த ஒருவர் உதடு நடுங்க, "எனக்கும் ஒரு மாதிரி நடுக்கமாத்தான் இருக்கு" என்றார்.

"பாத்தீங்களா! வந்து உக்காந்த நேரத்துக்கு உங்களையும் பிடிச்சிருச்சு. தலைவி அம்மாவை மட்டும் ஒண்ணும் செய்யல. அவங்க மனஉறுதி அப்படி!"

தலைவியின் முகம் மலர்ந்தது. தோன்றத் தொடங்கியது எதுவோ, அது அப்படியே நின்றுவிட்டது. "என் மாணவர்களும் இதையேதான் சொல்வாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டத் தட்டக் கை சூடாகியதால் வெகுநேரம் தட்டினார்கள். நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசல் வெயிலைப் பார்த்து ஓடாத குறையாகப் போனார்கள். தலைவி சால்வையோடு காரில் ஏறிவிட்டார்.

கேட்டதை விட அதிகமாகவே நிதி வந்தது. அதில் இன்னும் பெரிய ஏசி ஒன்றை வாங்கி எலி அறைக்கென்றே தனியாகப் பொருத்தினார்கள். தொற்று எவ்வளவு தூரம் முற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். புதுசுக்கு நிரந்தர ஆணை கிடைத்தது. இனி அவன் கூண்டு கழுவ வேண்டியதில்லை. எலி அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கும். மாணவி கண்ணாடிக்கு அப்பால் இருந்து எலியையும் அவனையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவளுக்கு ஆய்வு புதிதாக அமைந்துவிட்டது.

ஆரம்பத்தில் இரண்டொரு முறை, "அம்மா, நிஜமாவே குளிருதும்மா" என்று கண்ணாடியைத் தட்டிச் சொல்லிப் பார்த்தான். அவள் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அப்புறம் அவன் சொல்லவில்லை.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று மனைவி அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். "வாங்க, ஜன்னலைப் பாருங்க. இங்கேர்ந்து மரம் தெரியுது." அவன் வரவில்லை. வாசற்படியைத் தாண்டியதும் காற்று வராத பக்கமாகப் போய், இரண்டு சுவரும் கூடும் இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏங்க, அங்க ஏன் உக்காந்துட்டீங்க? வீட்டைச் சுத்திப் பாக்கலையா?"

"பாக்கலாம்" என்றான். அங்கேயே இருந்தான்.

சாயங்காலம் அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "அப்புறம் என்ன மாப்ள, தனி வீடு, நிரந்தர வேலை! இனிமே உனக்கு என்ன குறை?"

புதுசு தலையை நிமிர்த்தினான்.

"குளிருது மச்சான்."

தலைமை எழுத்தர் தொடையைத் தட்டிக்கொண்டார். "வீட்டுலயுமா? அட, இது தெரிஞ்சா இயக்குநர் குதிப்பாரு! இவ்வளவு வேகமா முத்தும்னு அவரே எதிர்பாக்கல. உனக்கு அடுத்த வருஷமே பதவி உயர்வு, எழுதி வச்சுக்கோ."

அவன் மனைவி உள்ளே ஓடி ஒரு கனத்த போர்வையை எடுத்து வந்தாள். அவன் மேல் விரிக்கப் போனபோது அண்ணன் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ற? போர்த்தி கீர்த்தி விட்டு அவருக்கு சரியாயிருச்சுன்னா, வேலைக்கு யார் பதில் சொல்றது?"

அவள் போர்வையை வைத்துக்கொண்டு நின்றாள். மூலையில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையைத்தான் பார்த்தான். பிறகு அவள் சமையலறைப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மரம் நன்றாகத் தெரிந்தது.

போர்வையை நான்காக மடித்துக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.